சாஃப்ட்பால்: ‘மாஸ்க் போட்டா காலேஜ் கோச் பயந்தாங்கொள்ளின்னு நினைப்பாரா?’ உண்மை என்ன?

அமெரிக்காவில் சாஃப்ட்பால் ஆடும் சிறுமிகளின் வீடுகளில் அடிக்கடி எழும் வாக்குவாதம் இது. "மாஸ்க் போடாம கிரவுண்ட்ல இறங்காதே" என்பார் அம்மா. "அதைப் போட்டா காலேஜ் கோச் என்னைப் பயந்தவன்னு நினைச்சுடுவாங்கம்மா" என்பாள் மகள்.

ஒரு பக்கம் முகம், கண், பல். இன்னொரு பக்கம் கல்லூரி அணியில் இடம், அதோடு வரும் படிப்பு உதவித்தொகை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டுமா? மாஸ்க் போட்டால் உண்மையிலேயே வாய்ப்பு போய்விடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த மாஸ்க்கைப் பற்றிப் பேசுகிறோம்?

பேட்டர் போடும் ஹெல்மெட்டோ, கேட்சர் போடும் கவசமோ அல்ல. ஃபீல்டிங் செய்பவர்கள் போடும் முகக்கவசம் இது. மெல்லிய உலோகக் கம்பிகளாலோ, உறுதியான பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டிருக்கும். நெற்றியிலும் தாடையிலும் மெத்தை போன்ற பட்டை இருக்கும். தலைக்குப் பின்னால் வாரைப் போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இதை அதிகம் போடுபவர்கள் பந்து வீசும் பிட்சர், முதல் பேஸ், மூன்றாம் பேஸ் அருகே நிற்பவர்கள். காரணம் எளிமையானது. பேட்டருக்கு மிக அருகில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

பெயரில்தான் ‘சாஃப்ட்’, பந்தில் இல்லை

‘சாஃப்ட்பால்’ என்றதும் மெத்தென்ற பந்து என்று நினைத்துவிடக் கூடாது. உயர்நிலைப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் பயன்படும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை சுமார் 177 முதல் 198 கிராம். ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தே அதிகபட்சம் 163 கிராம்தான். அதைவிடப் பெரியது, கனமானது, கையில் எடுத்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும்.

அது முகத்தில் பட்டால் மூக்கெலும்பு, கன்ன எலும்பு, கண்குழி எலும்பு, தாடை, பற்கள் என எது வேண்டுமானாலும் உடையலாம். கண்ணில் ஏற்படும் காயம் பார்வையையே பாதிக்கலாம்.

0.36 விநாடி: ஒரு சின்ன கணக்கு

கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 66 அடி. சாஃப்ட்பாலில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி அளவில் பிட்சர் நிற்கும் தூரம் வெறும் 43 அடி. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 40 அடி, 10 வயதுக்கு உட்பட்டோருக்கு 35 அடி.

பிட்சர் பந்தை விடும்போது முன்னோக்கிப் பாய்ந்து வருவார். அப்போது அவருக்கும் பேட்டருக்கும் இடையே சுமார் 37 அடிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டில் பட்ட பந்து மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கி.மீ. வேகத்தில் நேராகத் திரும்பினால், 0.36 விநாடியில் அது பிட்சரின் முகத்துக்கு வந்துவிடும்.

கண்ணால் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 முதல் 0.25 விநாடி ஆகும். மீதி இருப்பது 0.1 விநாடி சொச்சம். அதுவும் பந்து வீசிய வேகத்தில் உடல் இன்னும் நிலைக்கு வராத நேரம் அது. கையுறை முகத்துக்கு ஏறுவதற்குள் பந்து வந்து சேர்ந்துவிடும்.

மூன்றாம் பேஸ் 60 அடி தூரத்தில் இருந்தாலும், பேட்டர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடுவார் என்று சந்தேகம் வந்தால் அங்கு நிற்பவரும் முன்னே வந்துவிடுவார். அந்த நேரத்தில் பேட்டர் ஓங்கி அடித்தால் அவருக்கும் இதே நிலைதான்.

இதனால் இது திறமை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் சில பந்துகளைத் தடுக்க நேரமே இருக்காது.

விதி என்ன சொல்கிறது?

இங்கேதான் ஒரு முரண் இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி சாஃப்ட்பாலில் பேட்டரின் ஹெல்மெட்டில் முகக்கம்பி இருப்பது 2006 முதல் கட்டாயம். ஆனால், அடிக்கப்பட்ட பந்தை எதிர்கொள்ளும் பிட்சருக்கு தேசிய அளவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. "விருப்பம் இருந்தால் போடலாம்" என்பதுதான் நிலை. சில லீக்குகள் மட்டும் தாங்களாகவே கட்டாயம் ஆக்கியிருக்கின்றன.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் ஃபீல்டர்களுக்கு மாஸ்க்கைக் கட்டாயம் ஆக்கவில்லை. அதே நேரத்தில் தடை செய்யவும் இல்லை. ஓக்லஹோமா சிட்டியில் ஆண்டுதோறும் நடக்கும் மகளிர் கல்லூரி உலகத் தொடரை டிவியில் பார்த்தாலே தெரியும். நாட்டின் தலைசிறந்த அணிகளின் பிட்சர்களும், பேஸ் அருகே நிற்பவர்களும் மாஸ்க்கோடு ஆடுவது அங்கே சாதாரணக் காட்சி.

‘பயந்தாங்கொள்ளி’ பேச்சு புதுசா?

இல்லை. பாதுகாப்புக் கவசம் வந்த ஒவ்வொரு விளையாட்டிலும் இந்தக் கேலி இருந்திருக்கிறது.

1870-களில் ஹார்வர்டு பல்கலைக்கழக அணியைச் சேர்ந்த ஃபிரெட் தேயர், பேஸ்பால் கேட்சருக்காகக் கம்பி மாஸ்க்கை உருவாக்கினார். 1878-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆரம்பத்தில் பார்வையாளர்கள் அதைக் கிண்டல் செய்தார்கள். இன்று மாஸ்க் இல்லாத கேட்சரை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

ஐஸ் ஹாக்கியில் 1959 நவம்பர் 1 அன்று மாண்ட்ரியால் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட்டின் முகத்தில் பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ‘பக்’ தாக்கியது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், மாஸ்க் இல்லாமல் இனி ஆட மாட்டேன் என்றார். அணியின் பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் மாற்று கோல்கீப்பர் இல்லாததால் ஒப்புக்கொண்டார். அந்த சீசனிலேயே மாண்ட்ரியால் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. மாஸ்க் ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற வாதம் அதோடு அடிபட்டுப் போனது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ராமன் லம்பாவின் பெயர் நினைவிருக்கும். 1998-ல் டாக்காவில் ஒரு கிளப் போட்டியில் பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் செய்தபோது தலையில் பந்து பட்டு, சில நாட்களில் உயிரிழந்தார். ஓவரில் சில பந்துகள்தானே மீதி இருக்கின்றன என்று ஹெல்மெட்டைத் தவிர்த்திருந்தார்.

கல்லூரி கோச் உண்மையில் எதைப் பார்க்கிறார்?

பிட்சர் என்றால் பந்தின் வேகம், சுழற்சி, குறி வைத்த இடத்தில் போடும் திறமை, பேட்டரை ஏமாற்றும் வேக மாற்றம். ஃபீல்டர் என்றால் கால் அசைவு, கை வேகம், எறியும் பலம். எல்லோருக்கும் பொதுவாக, அடிக்கும் பந்தின் வேகம், முதல் பேஸுக்கு ஓடும் நேரம், மதிப்பெண். தோற்கும்போது எப்படி நடந்துகொள்கிறார், சக வீராங்கனையிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனிப்பார்கள்.

இந்தப் பட்டியலில் எதையும் மாஸ்க் மறைப்பதில்லை. ரேடார் கருவிக்கும் ஸ்டாப்வாட்சுக்கும் மாஸ்க் தெரியாது. தன் அணியிலேயே மாஸ்க் போட்ட வீராங்கனைகளை வைத்திருக்கும் ஒரு கோச், அதே காரணத்துக்காக ஒரு பள்ளி மாணவியை ஒதுக்குவார் என்பதற்கு அர்த்தமும் இல்லை.

எல்லா கோச்சும் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. "எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்று சொல்லும் பழைய ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் கவனிப்பது மாஸ்க்கை விட, பந்து வரும்போது வீராங்கனை முகத்தைத் திருப்புகிறாரா என்பதைத்தான். மாஸ்க் போட்ட பிறகு பந்துக்கு முன்னால் துணிந்து நிற்க முடிகிறது என்றால், அது வாய்ப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

காயம்பட்டால் போகும் வாய்ப்பு

வாய்ப்பு பறிபோக நிஜமான காரணம் ஒன்று உண்டு. அது காயம்.

2018-ல் வந்த என்.சி.ஏ.ஏ. விதிப்படி, 11-ம் வகுப்பின் செப்டம்பர் 1-ம் தேதிக்கு முன் முதல் பிரிவு கல்லூரி சாஃப்ட்பால் கோச்கள் மாணவிகளிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அதற்கு முன் 8-ம் வகுப்பு மாணவிகள்கூட வாய்மொழி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். இந்த விதியால், அந்தத் தேதிக்கு முந்தைய கோடைக்காலப் போட்டிகள் மிக முக்கியமாகிவிட்டன. கோச்கள் மைதானத்துக்கு வந்து ஓரமாக நின்று குறிப்பெடுக்கும் காலம் அது. அந்தக் கோடையில் முக எலும்பு உடைந்து வீட்டில் உட்கார நேர்ந்தால், யார் கண்ணிலும் பட முடியாது.

இடங்களும் குறைவு. கல்லூரி விளையாட்டு வழக்கொன்றில் ஏற்பட்ட சமரசத்தை ஏற்ற முதல் பிரிவு கல்லூரிகளில், 2025-26 முதல் ஒரு சாஃப்ட்பால் அணியில் 25 பேருக்கு மேல் இருக்க முடியாது. ஒரு சீசனை இழப்பது சின்ன விஷயம் இல்லை.

பந்து முகத்தில் பட்டவர்களுக்கு, எலும்பு கூடிய பிறகும் மனதில் பயம் தங்கிவிடலாம். பந்து வந்தாலே கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், அதை கோச்சிடம் மறைக்க முடியாது.

எதிர் வாதங்களில் நியாயம் உண்டா?

"கீழே வரும் பந்து தெரியாது" என்பது பொதுவான புகார். அளவு பொருந்தாத மாஸ்க் என்றால் இது உண்மைதான். கம்பிகள் கண்ணுக்கு நேரே வராத, சரியான அளவுள்ள மாஸ்க்கைப் போட்டு சில வாரம் பயிற்சி செய்தால் பெரும்பாலும் பழகிவிடும். போட்டி அன்றைக்கு முதன்முதலாகப் போட்டால் தடுமாற்றம் வரத்தான் செய்யும்.

"மாஸ்க் இருந்தா அலட்சியம் வரும்" என்பது இன்னொரு வாதம். கையுறையை முகத்துக்கு முன் தயாராக வைக்கும் பழக்கத்தை மாஸ்க் இருந்தாலும் விடக் கூடாது.

இதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது முகத்துக்கான கவசம் மட்டுமே. தலையின் பக்கவாட்டையும் பின்புறத்தையும் காக்காது. மூளை அதிர்ச்சி வராது என்ற உத்தரவாதமும் கிடையாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• சாஃப்ட்பால் ஃபீல்டர்களுக்கென்றே செய்யப்பட்டதா என்று பாருங்கள்.

• தலையை வேகமாகத் திருப்பினாலும் மாஸ்க் நகரக் கூடாது. தாடைப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும்.

• கண்ணாடி அணியும் பிள்ளைகள், அதைப் போட்டுக்கொண்டே அளவு பார்க்க வேண்டும்.

• கம்பி வளைந்தாலோ, பற்றவைப்பு விட்டாலோ, பிளாஸ்டிக்கில் விரிசல் தெரிந்தாலோ உடனே மாற்றிவிட வேண்டும்.

• போட்டியில் மட்டும் இல்லாமல் பயிற்சியிலும் போட வேண்டும். பந்து மறுபடி மறுபடி அடிக்கப்படுவது பயிற்சியில்தான்.

சந்தேகம் இருக்கும் பெற்றோர், விருப்பமான கல்லூரி அணியின் இரண்டு, மூன்று போட்டிகளை மகளோடு சேர்ந்து பார்க்கலாம். அந்த அணியில் எத்தனை பேர் மாஸ்க் போட்டிருக்கிறார்கள் என்று மகளையே எண்ணச் சொன்னால் போதும்.