காரியப்பர்: குடும்பப் பெயர் இல்லாத கரையில் ஒரு குடும்பப் பெயர்

நற்பிட்டிமுனையில் ஒருவரை நிறுத்தி, "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று வினவினால் அவர் சற்றுத் தயங்குவார். பிறகு, "வாப்பாட பேரைக் கேக்கிறீங்களா, குடியைக் கேக்கிறீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். தயக்கத்துக்குக் காரணம் அறியாமை அன்று. நாம் கேட்ட பொருள் அந்த மண்ணில் இல்லை என்பதே காரணம்.

கல்முனைக்கு மேற்கே, வயலும் நீரும் சூழ்ந்த ஊர் நற்பிட்டிமுனை. 'பிட்டி' என்றால் மேட்டு நிலம். நல்ல மேட்டு நிலத்து முனை என்று பெயரிலேயே ஊரின் தரையமைப்பைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பழைய கரவாகுப்பற்றைச் சேர்ந்த ஊர் இது. 1961 ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, அவ்வாண்டு அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர். பள்ளிவாசலும் கோயிலும் வேறு வேறு. ஆனால் பெயர் விடயத்தில் இரு சாராரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

அந்தப் பெயர் முறையை முதலில் விளக்கிவிடுகிறேன். இக்கரையில் ஒருவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் தந்தையின் பெயரைக் குறிப்பவை. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவராக இருந்து 2000 ஆம் ஆண்டில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முழுப் பெயர் முகம்மது ஹுசைன் முகம்மது அஷ்ரப். ஹுசைன் என்பது தந்தையின் பெயர். உலகம் அவரை 'மிஸ்டர் அஷ்ரப்' என்று அழைத்தது. ஆனால் அது அவருடைய சொந்தப் பெயர். குடும்பத்தின் பெயர் அன்று. அவருடைய பிள்ளைக்கு அஷ்ரப் தந்தைப் பெயராகும். பேரப்பிள்ளையின் பெயரில் அதுவும் நழுவிவிடும். இம்முறையில் ஒரு பெயர் தாளில் வாழும் காலம் இரண்டு தலைமுறை, மிஞ்சினால் மூன்று.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் இங்கே எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதுதான் குடி. மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரையிலான இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். பிள்ளை தந்தையின் குடியைச் சேர்வதில்லை; தாயின் குடியைச் சேர்கிறது. ஒரே குடிக்குள் மணம் முடிப்பது வழக்கமில்லை. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறார். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' குடிகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இம்முறை இரு சமூகங்களிலும் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கியுள்ளார். கோயிலில் குடிக்காகப் பேசுபவர் வண்ணக்கர். பள்ளிவாசலில் குடிக்காகப் பேசுபவர் மரைக்கார்.

குடியின் பெயர்களை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். பணிக்கனார் குடி, உலகிப்போடி குடி என்று வரும் பெயர்களில் 'பணிக்கர்' ஒரு தொழிலின் பெயர். யானை பிடிப்பதில் பேர்பெற்றவர்களை ஏறாவூரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'போடி' வயலுடையவரின் மதிப்புப் பெயர். ஒரு காலத்தில் ஒரு மனிதர் வகித்த நிலை, அவர் மறைந்த பின்னும் ஒரு கூட்டத்தின் பெயராக உறைந்துவிட்டது. ஆனால் இப்பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் ஏறுவதில்லை. வாயில் மட்டும் வாழ்கின்றன.

இந்தப் பின்னணியில்தான் 'காரியப்பர்' என்ற பெயர் நம் கவனத்தை இழுக்கிறது. கல்முனைக் கரையில் தாளில் ஏறி, தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி, உண்மையிலேயே ஐரோப்பியர் சொல்லும் பொருளில் குடும்பப் பெயராக நிலைத்த மிகச் சில பெயர்களில் அது ஒன்று.

சொல்லைப் பிரித்தால் காரியம், அப்பர் என்று இரண்டாகும். காரியம் என்பதற்கு நம் பழைய ஆட்சிமொழியில் வெறும் வேலை என்ற பொருள் மட்டுமில்லை. நிருவாகம் என்ற பொருளும் உண்டு. திருவிதாங்கூரில் உயர் அதிகாரிக்குச் 'சர்வாதிகாரியக்காரர்' என்று பட்டம். தமிழ்நாட்டில் பண்ணையின் வரவு செலவைப் பார்ப்பவர் 'காரியஸ்தர்'. இலங்கையின் தெற்கே சிங்களவரிடையே 'காரியவசம்' என்று குடும்பப் பெயர் உண்டு. அலுவலகத்தைக் 'காரியாலயம்' என்கிறோம். வெள்ளையர் காலத்தின் இறுதியில் வந்த டி.ஆர்.ஓ.வுக்கு இலங்கைத் தமிழில் 'காரியாதிகாரி' என்றே பெயர் வைத்தார்கள். 'அப்பர்' மூத்தவரைக் குறிக்கும் மதிப்புச் சொல். ஆக, ஊர்க்காரியத்தைப் பார்க்கும் பெரியவர் என்பதே இப்பெயரின் நேரான பொருள். வன்னியனார், உடையார், விதானையார் என்று பதவிகளாலேயே மனிதரை அழைத்துப் பழகிய மட்டக்களப்பு நாட்டில் இப்படி ஒரு பெயர் தோன்றியதில் வியப்பில்லை.

ஆங்கிலத்தில் இதன் ஈறு 'ஐயர்' என்பதை எழுதும்போது வரும் அதே 'ஈ-ஆர்' எழுத்துகளால் முடிகிறது. இதனால் பெயரைப் படிக்கும் வெளிநாட்டவர் அதை ஏதோ ஐரோப்பியப் பெயர் என்று எண்ணுவதுண்டு. இந்தியர்களோ உடனே, "ஃபீல்ட் மார்ஷல் கரியப்பாவுக்கு உறவா?" என்று கேட்பார்கள். உறவில்லை. 1949 இல் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தளபதியான அவருடைய முழுப் பெயர் கொடந்தேர மாதப்ப கரியப்பா. குடகு நாட்டு முறைப்படி முதலில் நிற்கும் 'கொடந்தேர' என்பதே குடும்பத்தின் பெயர். 'கரியப்பா' அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். ஒலி ஒத்திருப்பதை உறவென்று கொள்வது பெயராய்வில் எளிதில் விழக்கூடிய குழி.

பதவி பெயராவதற்கு இதைவிடப் பரந்த சான்று 'மரைக்கார்'. மரக்கலத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இச்சொல், கேரளத்தில் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்களின் பட்டமாயிற்று. அவர்களுள் நான்காமவர் 1600 இல் கோவாவில் போர்த்துக்கீசரால் கொல்லப்பட்டார். புதுச்சேரியின் முதல்வராக இருந்த ஃபாரூக் மரைக்காயர் வரை அது குடும்பப் பெயராக வந்து சேர்ந்தது. இராமேசுவரத்தில் அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மரைக்காயர். மகனின் பெயரில் ஜைனுலாப்தீன் ஓர் எழுத்தாகச் சுருங்க, மரைக்காயர் மறைந்தே போயிற்று. இலங்கையின் மேற்குக் கரையிலோ மாக்கான் மாக்கார், பாக்கீர் மாக்கார் என்று அது உறுதியான குடும்பப் பெயர். 1931 இல் மட்டக்களப்புத் தெற்கு மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பிய உறுப்பினர் மாக்கான் மாக்கார். தம் பள்ளிவாசலில் குடிக்கு ஒருவராக மரைக்கார்களை அமர்த்திக்கொண்டிருந்த மக்கள், அதையே பரம்பரைப் பெயராகக் கொண்ட ஒருவருக்கு வாக்களித்தார்கள். ஒரு சொல் ஓர் இடத்தில் நாற்காலியாகவும் மற்றோர் இடத்தில் இரத்தமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காரியப்பர் என்ற பெயரை நாடறியச் செய்தவர் கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர். 'கேற் முதலியார்' என்பது ஆளுநரின் வாயிலோடு தொடர்புபடுத்தி வெள்ளையர் வழங்கிய உயர்ந்த உள்நாட்டுப் பட்டம். ஒரு பழைய காரியப் பெயரின் மேல் ஒரு புதிய காரியப் பட்டம் ஏறிய கதை அவருடையது. 1947 இல் அமைந்த முதலாவது பாராளுமன்றத்துக்குக் கல்முனையிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் சென்றார். 1956 இல் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக வென்று, பின்னர் அரசாங்கத்தின் பக்கம் போனார். 1965 இல் மீண்டும் வென்றார்.

அதே ஆண்டில் அந்தப் பெயர் வேறொரு புத்தகத்தில் ஏறியது. 1959 இல் நியமிக்கப்பட்ட தல்கொடபிட்டிய இலஞ்ச விசாரணை ஆணைக்குழு, அவர் உட்பட அரசியல்வாதிகள் சிலர் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்று அறிக்கையிட்டிருந்தது. 1965 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம், அவ்வாறு பெயர் குறிக்கப்பட்டவர்களின் குடியியல் உரிமைகளைப் பறித்தது. காரியப்பர் ஆசனத்தை இழந்தார். தனி மனிதருக்குத் தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, பாராளுமன்றத்தின் வேலையன்று என்பது அவருடைய வாதம். 1962 சதி வழக்கில் கோமறைக் கழகம் இதே வகையான வாதத்தை ஏற்று, சந்தேக நபர்களுக்கென்றே ஆக்கப்பட்ட சட்டத்தைச் செல்லாதென்றிருந்தது. ஆனால் 1967 இல் காரியப்பரின் வழக்கில் அது மாறான முடிவுக்கு வந்தது: இது தண்டனையன்று, பாராளுமன்றம் தன் தூய்மையைக் காக்க எடுத்த நடவடிக்கை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியதால் அரசியலமைப்பையும் தாண்டி நிற்கும் என்றது. இன்றும் பொதுநலவாய நாடுகளின் சட்ட மாணவர்கள் 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்று படிக்கிறார்கள். கல்முனை எங்கேயிருக்கிறது என்று அவர்களிற் பலருக்குத் தெரியாது.

அரிய பெயரின் சுமை இதுதான். பெருவழக்கான பெயரைத் தாங்கிய ஒருவர் புகழ் பெற்றாலும் பழி பெற்றாலும் அது அவரோடு போகும். அரிய பெயரில் அது பெயரையே பற்றிக்கொள்ளும். காரியப்பர் என்று எழுதும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நீங்கள் முதலியாருக்கு என்ன முறை?" என்பதாகவே இருக்கும். தேர்தல் காலங்களில் வேட்பாளர் பட்டியல்களை அச்சுக்குச் சரிபார்த்த ஆண்டுகளில் நான் கண்டதும் இதுவே: மற்றப் பெயர்களில் கண் தலைப்பெழுத்துகளுக்கு ஓடும், இப்படிப்பட்ட பெயர்களில் வரலாற்றுக்கு ஓடும்.

எத்தனை பேர் இப்பெயரைத் தாங்குகிறார்கள்? அமெரிக்காவில் 2010 குடிசன மதிப்பின்பின், 100 பேருக்குக் குறையாமல் தாங்கும் குடும்பப் பெயர்களை எண்ணி 162,253 என்று வெளியிட்டார்கள். இலங்கையில் இனத்தையும் மதத்தையும் எண்ணுகிறோம். குடும்பப் பெயரை எண்ணி வெளியிடுவதில்லை. எண்ணாத இடத்தில் நாம் பார்க்கக்கூடியது காரணத்தைத்தான்.

குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்பதை 1874 இல் இங்கிலாந்தில் கால்டன், வாட்சன் என்ற இருவர் கணிதமாக்கினார்கள். பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்கினால், மகன் இல்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளை முறியும். காலம் போகப் போக அரிய பெயர்கள் முற்றாக மறையும். கல்முனைக் கரையில் இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ஒன்று, மகன் இருந்தாலும் பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடும். மற்றது, வீடு, குடி, பள்ளிவாசலில் இடம் என்று வாழ்க்கையில் கனமுள்ளவை எல்லாம் தாய்வழியில் பிடிப்புடையவை. தந்தையின் பட்டப்பெயரை இறுகப் பற்றிக்கொள்ள இங்கே யாருக்கும் தேவை இருந்ததில்லை. இக்கரையில் குடும்பப் பெயர் அரிதாக இருப்பது குடும்பம் நலிந்ததால் அல்ல. குடும்பம் வேறொரு கயிற்றில் உறுதியாகக் கட்டப்பட்டிருந்ததால்.

அந்தக் கயிறுதான் இப்போது ஆபத்தில் இருக்கிறது. கட்டாரிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. ஒருவர் தந்தையின் பெயரை இடுகிறார். அவருடைய தம்பி தன் பெயரையே இடுகிறார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பங்களாகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்தத் தற்செயலைப் பரம்பரையென்று நம்பி வளர்கிறார்கள். எந்தப் படிவமும் தாயின் குடியைக் கேட்பதில்லை. மணப்பேச்சில் குடி கேட்கும் பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். காரியப்பர் என்ற பெயர் ஒரு சட்ட அறிக்கையிலாவது நிலைத்திருக்கும். குடிப் பெயருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே, இக்கரையில் வேருள்ள வாசகர்கள் எங்கிருந்தாலும் ஒன்றைச் செய்யலாம். உம்மா அல்லது அம்மா உயிரோடிருந்தால் இன்றே கேளுங்கள்: நாம் என்ன குடி, உங்கள் தாய் பிறந்த வீடு எந்த வட்டையில், உங்கள் தாயின் தாய் யார்? விடையை முழுப் பெயரோடு, எழுத்துச் சுருக்கமில்லாமல், பிள்ளைகளின் சான்றிதழ்களை வைத்திருக்கும் அதே கோப்பில் எழுதி வையுங்கள். படிவத்தில் என்ன இட்டிருக்கிறீர்கள் என்பது பெரிதல்ல. பிள்ளை ஒருநாள் வந்து கேட்கும்போது சொல்ல ஏதாவது இருக்கவேண்டும்.