உத்தரவு கேட்ட நந்தன்

கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் சேரியில் மார்கழி மாதம் பஜனை உண்டு. ஒரு ஆர்மோனியம், இரண்டு ஜால்ரா, ஒட்டுப்போட்ட ஒரு டோலக். விடியக்காலம் பனியில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எங்க தாத்தா முன்னால் போவார். எங்கள் தெருவைச் சுற்றிவிட்டு வாய்க்கால் மதகுவரை போய் பஜனை திரும்பிவிடும். மதகுக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெரு. சாமி பாட்டுக்கும் அந்த மதகுதான் எல்லை என்பது எனக்குப் பத்து வயதுவரை ஒரு விஷயமாகவே படவில்லை.

தாத்தா அதிகமும் பாடியது நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கே கத்துக்கிட்டீங்க என்று கேட்டால், "ஐயா வூட்டுக்காரங்கள கதாகாலட்சேபத்துக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போவேன்ல. மாட்ட அவுத்துக் கட்டிட்டு வண்டிக்கு அடியில படுத்துக் கெடப்பேன். காதுல வுழும்" என்பார். பந்தலுக்குள்ளே நந்தனுக்காகக் கண்ணீர் விட்டவர்களுக்கு வெளியே வண்டிக்கடியில் யார் கிடந்தார் என்பது தெரியாமல் இருந்திருக்காது. அப்பாயி மட்டும் அந்தக் கதை வரும்போதெல்லாம் ஒன்று கேட்கும்: "நாப்பது வேலி வேலையையும் பூதகணம் பாத்துச்சுன்னா, களவடிய யாரு வாங்குனா?" களவடி என்றால் அறுவடையின்போது களத்திலேயே பண்ணையாளுக்கு அளந்துபோடும் நெல். அப்பாயிக்கு அது பக்தியைக் கிண்டல் பண்ணுகிற கேள்வி இல்லை. கணக்கு.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நந்தன் கதையை நான் திரும்பப் படித்தேன்.

இசையும் நெல்லும் தஞ்சை மண்ணில் என்றைக்கும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. இராசராசன் (985-1014) பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பிடாரர்களை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. அதே கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லும் இடத்தில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. பாடியவனுக்கு இத்தனை குறுணி என்று தெரிகிறது. அந்த மத்தளத்துக்குத் தோல் கொடுத்தவனுக்கு என்ன அளந்தார்கள் என்று கல்வெட்டு பேசவில்லை.

அதைப் பேசியவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுதியவர். நந்தனை உயர்த்திக் காட்டும் சாக்கில் அவர் ஆதனூர்ச் சேரியை நமக்குக் காட்டிவிடுகிறார். மருத மர நிழலில் தோலின் மேல் உழத்தி பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். மாமரக் கிளைகளில் வாரால் இழுத்துக் கட்டிய பறைகள் தொங்குகின்றன. பெண்கள் தலையில் நெற்கதிர் சூடிக் கள்ளுண்டு பறைக்கு ஆடுகிறார்கள். நந்தன் சிவனைத் தேடிப் போவதற்கு முன்பே அந்தச் சேரிக்கென்று பாட்டும் ஆட்டமும் இருந்தன.

அடுத்து, நந்தனின் பிழைப்பு. ஊர் விட்ட பறைத்துடவை அவனுக்கு உணவுரிமை. அதாவது ஊர்த்தொழிலுக்காகக் கொடுத்த மானிய நிலம். கோயில்தோறும் பேரிகைக்குப் போர்வைத்தோல், இழுத்துக் கட்ட வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை, எல்லாம் அவன் கொடுக்கிறான். சேக்கிழாரின் நந்தனுக்குத் தனியொரு எசமான் கிடையாது. தில்லைக்குப் போக யாரிடமும் அவன் உத்தரவு கேட்கவில்லை. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று அவன் தள்ளிப்போடுவது தன் பிறப்பை நினைத்துத் தயங்கித்தான். திருப்புன்கூரில் நந்தி விலகியது. இன்றைக்கும் அந்தச் சிவலோகநாதர் கோயிலில் நந்தி நேர்க்கோட்டிலிருந்து ஒதுங்கித்தான் இருக்கிறது. கல் மாடு நகர்ந்தது, வாசலில் நின்ற மனிதர்கள் நகரவில்லை. தில்லையில் அவன் தீயில் இறங்கிப் பூணூலும் சடைமுடியுமாக வெளியே வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். இதை நம் தோழர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. தோல் உள்ளே போனது, நரம்பு உள்ளே போனது, கோரோசனை கருவறைவரை போனது. கொடுத்த கைதான் போகவில்லை. இது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதை மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கர்நாடக சங்கீத மேடையின் மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோல் வாரும் வேண்டும். அவற்றைப் பதம் பார்த்துத் தேர்ந்து, மூட்டு அடித்துக் கொடுத்தவர்களில் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றது. தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் செபாஸ்டியனின் மகன் பர்லாந்தின் கை இருந்தது. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி எழுதிய புத்தகம் 2020இல் வந்தபோது, வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன சென்னைக் கலாக்ஷேத்ரா பின்வாங்கியது. விழாவை வேறு இடத்தில் நடத்தினார்கள்.

இனி, எங்க தாத்தா வண்டிக்கடியில் கேட்ட நந்தனுக்கு வருவோம். அவன் சேக்கிழாரின் நந்தன் இல்லை, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன்.

பாரதி நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்த பார்ப்பனர். முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாயூரத்தில் கோவிந்த யதி என்ற துறவியைக் குருவாகக் கொண்டு யோகமும் அத்வைதமும் படித்தார். திருவிடைமருதூரில் இராமதாசரிடம் இந்துஸ்தானி சங்கீதம் படித்தார். பின்னாளில் உ.வே. சாமிநாதையர் மாணவராக மாயூரம் வந்தபோது கொஞ்ச காலம் இவரிடம் பாட்டுச் சொல்லிக்கொண்டார். ஆக யோகம், சங்கீதம், குருபக்தி மூன்றும் சேர்ந்த ஆள். அவர் செய்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைக் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி 1861-62 வாக்கில் அச்சிட முன்வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்க லேசில் சம்மதிக்கவில்லை. பெரியபுராணத்தை விட்டு விலகிய கதை, இலக்கணப் பிழைகள் என்பது ஆட்சேபணை. பாரதி பல தடவை நடந்தார். கடைசியில் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து பாடி, அந்தப் பாட்டைக் கேட்டுப் பிள்ளை இளகினார் என்று சாமிநாதையர் எழுதியிருக்கிறார். நந்தனைப் பாடியவரும் கொஞ்சம் வாசலில் காத்துக் கிடந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குத் தீ வளர்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியபுராணத்தை விட்டு அவர் எங்கே விலகினார்? பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். நந்தன் இப்போது அந்தப் பார்ப்பன மிராசுதாரின் அடிமை. துடவை போய்விட்டது, தோல் போய்விட்டது, நரம்பு போய்விட்டது. கையில் ஏரும் மண்வெட்டியும். மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை போக அவன் உத்தரவு கேட்க வேண்டும்.

சைவப் புலவர்கள் இதைக் கற்பனை என்றார்கள். எங்களுக்கு இது கற்பனை இல்லை. பாரதி எழுதியது தன் கண்முன்னால் இருந்த தஞ்சாவூர்ச் சீமையை. 1843இல்தான் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஆதரவை வெள்ளைக்காரன் நீக்கினான். அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862 சனவரி 1இல். ஏறக்குறைய பாரதியின் புத்தகம் அச்சேறிய அதே சமயம். சட்டம் வந்தும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். அந்த வேதியர் ஏன் உத்தரவு தர மறுக்கிறார் என்று விவசாயம் தெரிந்தவனைக் கேட்டால் உடனே சொல்லுவான். திருவாதிரை வருவது மார்கழியில். சம்பா கதிர் முற்றி நிற்கும், தையில் அறுப்பு. அந்த நேரத்தில் எந்த மிராசுதாரும் ஆளை வெளியே விட மாட்டான். வேதியரின் கோபத்தில் சாஸ்திரம் பாதி, சாகுபடி பாதி. இந்த உண்மையைப் பாட்டில் வைத்ததற்காகப் பாரதிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தமிழில் பண்ணையடிமையை மேடைக்குக் கொண்டுவந்து எசமானோடு வாதாட வைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

அந்த வாதத்தை அவர் எப்படி முடித்தார் என்பதில்தான் சிக்கல். நாற்பது வேலி வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். வேலி ஒன்றுக்கு ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது வேலி என்றால் சுமார் 265 ஏக்கர். எத்தனை குடும்பங்களின் முதுகு அது! சிவபெருமான் அருளால் ஒரே ராத்திரியில் வேலை முடிந்து நெல் விளைந்து நிற்கிறது. வேதியர் அதிசயித்துத் தன் பண்ணையாளின் காலில் விழுகிறார். பந்தலில் எல்லோரும் அழுகிறார்கள். வேதியருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நிலம் அவருடையது, நெல்லும் அவருடையதே. நந்தனுக்கு ஒரு யாத்திரை, அதுவும் திரும்பி வராத யாத்திரை. மற்ற பண்ணையாட்கள் என்ன ஆனார்கள்? பாரதியின் கதையில் சேரியின் பெரிய கிழவன் நந்தனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, நம்ம சாமிகளுக்குப் படையல் போட வேண்டும் என்கிறான். கேட்பவர்கள் சிரிக்க வேண்டிய இடமாகத்தான் பாரதி அதை வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் ஒருத்தன் போனால் மிச்சப் பேர் கதி என்ன என்ற பயம் அந்தக் கிழவனுக்கு இருந்திருக்கும்.

பாரதியின் யோகப் படிப்பு இங்கே வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். உடம்பை மறந்தவனே யோகி, சோதியில் கரைவதே முடிவு. கோவிந்த யதியின் சீடருக்கு அதைவிட உயர்ந்த முடிவு கிடையாது. உடம்பை மறப்பதற்கு முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டும். பண்ணையாளின் உடம்பு எசமானின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. மாட்டைக் கட்டியது, சாணிப்பால் குடித்தது, சவுக்கடி வாங்கியது எல்லாம் அந்த உடம்புதான். சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது யோகத்தால் இல்லை. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் செங்கொடிச் சங்கம் கட்டிய பிறகு நின்றது.

அப்புறம் நந்தன் எல்லாருக்கும் சொந்தமானான். பாகவதர்கள் ஊர் ஊராகக் கதை சொன்னார்கள். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்த படத்தில் வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதையர். சுந்தராம்பாளுக்குக் கொடுத்த ஒரு லட்ச ரூபாய் சம்பளமே ஊரெல்லாம் பேச்சு. 1942இல் தண்டபாணி தேசிகர். காந்தி, தன்னைத் தானே வருத்தித் தடைகளை உடைத்த சத்தியாக்கிரகி என்று நந்தனைக் கொண்டாடினார். அயோத்திதாசரோ நந்தன் பௌத்த அரசன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன் என்று எழுதினார். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்ற நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். நந்தனை அப்படியே தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று சொல்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1968 டிசம்பர் 25. அதுவும் மார்கழி. கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்ட கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் யாரும் தீக்குள்ளிருந்து பூணூலோடு வெளியே வரவில்லை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் 1973இல் மிராசுதார்களை விடுதலை செய்தது.

நந்தன் பெயரை எடுத்துக்கொண்டு வேறு ஒரு வழியில் போன ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிக்குப் பக்கத்தில் மேல்புதுப்பாக்கத்தில் பறையர் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் முனுசாமி. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளைக் குருவாக அடைந்து காவி வாங்கினார். குரு அவரைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். இருபது வயதுப் பையன், காவி வேட்டி, அதே தில்லை. அவர் தீ வளர்க்கச் சொல்லவில்லை. 1916இல் நந்தனார் பெயரில் 25 பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு விடுதிகள், உயர்நிலைப் பள்ளி. சட்டமன்றத்தில் நீண்ட காலம் இருந்து 1959இல் இறக்கும்வரை கல்விக்கும் நிலத்துக்கும் கோயில் நுழைவுக்கும் பேசினார். அவருடைய சைவமும் வேதாந்தமும் எனக்கு உடன்பாடில்லை. அவர் காங்கிரசில் இருந்ததிலும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் குரு என்ற சொல்லைச் சேரிக்குள் கொண்டுவந்து, அதை உபதேசத்தோடு நிறுத்தாமல் சிலேட்டும் சோறுமாக ஆக்கியவர் அவர்.

எங்க அப்பா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர். 1953 என்று சொல்லுவார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. சட்டம் வந்ததும் ஆளை நிறுத்திவிடுகிற மிராசுதார்களும் இருந்த காலம். பையனைச் சிதம்பரத்தில் சேர்க்கணும் என்று தாத்தா பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். ஐயா திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டே, "மாட்டை யாருடா மேய்க்கிறது? அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்றாராம்.

தாத்தா சரிங்க ஐயா என்று திரும்பி வந்தார். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது ஒரு பாட்டும் பாடவில்லை என்று அப்பாயி சொல்லும். கோழி கூப்பிடுவதற்கு முன்னால் அப்பாவை எழுப்பி, ஒரு துண்டில் இரண்டு சட்டையைக் கட்டிக் கையில் கொடுத்து, கொள்ளிடம் ஸ்டேஷன்வரை இருட்டில் நடத்திக் கூட்டிப்போய் ரயிலேற்றிவிட்டு, விடியும்போது வழக்கம்போலப் பண்ணைக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். பையன் எங்கேடா என்று கேட்டதற்கு, "நேத்தே போயிட்டான் சாமி" என்றாராம்.