பிரியான் புரதமும் மரபணு நீக்கிய சுண்டெலிகளும்

ஒரு புரதம் உடலில் என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை ஆக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து, அப்புரதம் இல்லாமல் பிறக்கும் சுண்டெலிக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பது 1980களின் இறுதியிலிருந்து உயிரியலில் நிலைபெற்ற முறை. இவ்வாறு உருவாக்கப்படுபவை 'நாக்அவுட்' எலிகள். முறையின் தர்க்கம் எளிது. அந்த எளிமைதான் ஏமாற்றவும் செய்யும். எலியிடம் காணும் குறை புரதம் இல்லாததால் வந்ததா, மரபணுவை வெட்டிய விதத்தால் வந்ததா என்பதை அந்த எலியே சொல்லிவிடாது. பிரியான் புரதத்தின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதற்கான மரபணுவை வெவ்வேறு ஆய்வகங்கள் தனித்தனியே, வெவ்வேறு இடத்தில் வெட்டி நீக்கின. ஒரே எலி வம்சத்தை நம்பிச் சொன்ன முடிவுகள் சில கவிழ்ந்தன. பல வம்சங்களிலும் ஒன்றுபோலத் தெரிந்த குறை நிலைத்தது.

முறைக்கு அடித்தளம் 1981இல் விழுந்தது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், கலிஃபோர்னியாவில் கெயில் மார்ட்டினும் சுண்டெலிக் கருவின் ஸ்டெம் செல்களை ஆய்வுத்தட்டில் வளர்த்துக் காட்டினர். ஆலிவர் ஸ்மித்தீஸும் மரியோ கப்பெச்சியும் செல்லுக்குள் இருக்கும் குறிப்பிட்ட மரபணுவைத் தேடிப்பிடித்து மாற்ற முடியும் என நிறுவினர். எவன்ஸ், ஸ்மித்தீஸ், கப்பெச்சி மூவரும் 2007இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வழக்கமான செய்முறையில், மரபணுவின் நடுவே ஒரு மருந்தெதிர்ப்பு மரபணு செருகப்படும். செருகல் ஏறாத செல்களை மருந்து கொன்றுவிடும். பிழைத்த செல்களில் சரியான இடத்தில் மாற்றம் ஏற்றவை, பெரும்பாலும் '129' என்னும் பழுப்பு எலி இனத்தைச் சேர்ந்தவை, ஒரு கறுப்பெலியின் இளங்கருவுக்குள் செலுத்தப்படும். பிறக்கும் குட்டியின் மயிரில் பழுப்பும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் செல்கள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். அடுத்தடுத்த தலைமுறைகளில், ஒரு பிரதி மட்டும் கெட்ட எலிகளை இணைசேர்த்தால் குட்டிகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு அந்தப் புரதமே இல்லாமல் பிறக்கும். பின்னர் எத்தனை முறை கறுப்பெலிகளுடன் கலந்தாலும், நீக்கிய மரபணுவுக்கு அக்கம்பக்கத்து மரபணுக்கள் 129 இனத்துடையவையாகவே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். முதலில் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடுகளைத் தாக்கும் ஸ்க்ரேபி போன்ற மூளை நோய்களுக்கு வைரஸ் அல்ல, புரதமே காரணம் என்று 1982இல் ஸ்டான்லி புரூசினர் வாதிட்டு, அதற்குப் பிரியான் என்று பெயரிட்டார். நலமான எலியின் நரம்புச் செல்களிலும் அதே புரதத்தின் இயல்பு வடிவம் ஏராளமாக இருப்பது விரைவில் தெரியவந்தது. அப்படியானால் அதன் வேலை என்ன? 1992இல் ஜூரிக்கில் சார்லஸ் வைஸ்மனின் குழு அந்த மரபணுவை நீக்கியது. எலிகள் இயல்பாக வளர்ந்தன, நடந்தன, இனம்பெருக்கின. வேலை என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் நோயைப் பற்றிய கேள்விக்குக் கிடைத்தது. 1993இல் அதே எலிகளுக்கு ஸ்க்ரேபியைச் செலுத்தியபோது, இயல்பான எலிகள் ஆறு மாதத்துக்குள் மடிந்தன. புரதமற்றவை 13 மாதங்கள் கடந்தும் நோயின்றி இருந்தன. ஒரு பிரதி மட்டும் இழந்தவற்றுக்கு நோய் வெகுவாகத் தாமதித்து வந்தது. புரதம் இல்லையேல் நோய் இல்லை என்ற இந்த முடிவு இன்றுவரை அசையவில்லை.

குழப்பம் 1996இல் நாகசாகியிலிருந்து வந்தது. அங்கு உருவாக்கிய எலிகள் சுமார் 70 வார வயதில் தள்ளாடின; சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் அழிந்திருந்தன. அச்செல்களைக் காப்பதே பிரியான் புரதத்தின் வேலை என்ற முடிவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. ஜூரிக் எலிகளோ, எடின்பரோவில் ஆக்கிய எலிகளோ தள்ளாடவில்லை. வேறுபாடு வெட்டிய இடத்தில் இருந்தது. நாகசாகி குழு மரபணுவின் புரதப் பகுதியோடு அதற்கு முந்தைய இணைப்புக் குறியையும் சேர்த்து நீக்கியிருந்தது. அந்தக் குறி போனதால் ஆர்.என்.ஏ. படியெடுப்பு அங்கே நிற்காமல், அடுத்திருந்த இன்னொரு மரபணுவோடு போய் இணைந்தது. 1999இல் அடையாளம் காணப்பட்ட அந்த அண்டை மரபணுவின் புரதத்துக்கு டாப்பெல் என்று பெயர். வழக்கமாக வளர்ந்த மூளையில் அரிதாகவே காணப்படும் அது, நாகசாகி எலிகளின் மூளையில் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து செல்களைக் கொன்றது. ஒன்றை எடுத்ததால் அல்ல, வேறொன்று வந்து சேர்ந்ததால் விளைந்த நோய் அது.

இது தொடக்ககாலக் கைவேலையின் கோளாறு, இன்றைய துல்லியமான கத்திகளுக்குப் பொருந்தாது எனலாம். ஓரளவு சரி. ஆனால் மரபணுவைச் சுத்தமாக வெட்டியிருந்தாலும் அக்கம்பக்கச் சிக்கல் தனியே நிற்கிறது. இறந்த செல்களை விழுங்கும் வேகத்தைப் பிரியான் புரதம் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு கருத்து இருந்தது. 2013இல், புரதமற்ற எலிகளில் கண்ட அந்த வேக வேறுபாடு பக்கத்திலிருந்த 'சிர்பா' மரபணுவின் 129 இன வடிவத்தால் வந்தது எனத் தெரிந்தது. அதன் பிறகே, கலப்பே இல்லாத ஒரே இன எலியில் நேரடியாக மரபணுவைத் திருத்தி ஆக்கிய புதிய வம்சம் 2016இல் வந்தது. ஒப்பிடும் இரு எலிகளுக்கும் ஒரே ஒரு மரபணுவில்தான் வேறுபாடு என்று உறுதி செய்யாதவரை, கருவி எவ்வளவு கூர்மையானாலும் பயனில்லை.

குறை ஏதும் தெரியாத எலி, புரதம் தேவையற்றது என்று நிரூபிக்கிறதா என்பது வேறொரு கேள்வி. ஜூரிக் எலிகளை இளவயதில் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். முதுமை வரை வைத்துப் பார்த்தபோது கை, கால் நரம்புகளைச் சுற்றிய மையலின் உறை சிதைந்திருந்தது. 2010இல் அட்ரியானோ அகுட்சியின் ஜூரிக் ஆய்வகம் தனித்தனியே ஆக்கப்பட்ட நான்கு வம்சங்களிலும் இதே சிதைவைக் காட்டியது. புரதத்தை நரம்புச் செல்களில் மட்டும் திரும்பத் தந்தபோது உறை காப்பாற்றப்பட்டது; உறையை ஆக்கும் ஷ்வான் செல்களில் மட்டும் தந்தபோது பலனில்லை. வெட்டிய இடமும் முறையும் வேறுபட்ட நான்கு எலிகளுக்கு ஒரே தற்செயல் நேர்வது கடினம். 2016இல் செயல்வழியும் பிடிபட்டது: நரம்பிழையிலுள்ள புரதத்தின் நுனித்துண்டு ஷ்வான் செல்லின் 'ஜி.பி.ஆர்.126' ஏற்பியைத் தொட்டு, உறையைப் பேணுமாறு தூண்டுகிறது. முதல் எலி பிறந்து இருபது ஆண்டுக்கு மேலான பின்பே, வேலை என்ன என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை கிடைத்தது.

எலியில் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொல்லலாமா என்ற தயக்கமும் நியாயமே. நார்வேயின் சில ஆடுகள் இயற்கையான மரபுத்திரிபால் இப்புரதம் இல்லாமலே நலமாக வாழ்வது 2012இல் பதிவானது. ஒரு பிரதி செயலிழந்த மனிதர்களும் நலமாக இருப்பது அறியப்பட்டுள்ளது. இரு பிரதிகளும் இழந்த நிலைக்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. பிரியான் புரதத்தின் அளவைக் குறைக்கும் மருந்துகள் இப்போது மனிதரில் சோதிக்கப்படுகின்றன. அவற்றின் நம்பிக்கை 1993இன் எலிகளிலிருந்து வருகிறது. கவனிக்க வேண்டிய பக்கவிளைவு எது என்பதை 2010இன் முதிய எலிகள் காட்டியிருக்கின்றன.