மியான்மர் காப்பியும் காலநிலை மாற்றமும்

யாங்கூனில் காப்பி விளைவதில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய அந்தப் புழுக்கமான நகரம் காப்பி வந்து சேரும் இடம். மாண்டலேக்குக் கிழக்கே உள்ள பியின் ஊ லுவின் மேட்டுநிலத்திலும் தெற்கு ஷான் மாநிலத்தின் யுவாங்கன் வட்டாரத்திலும் விளையும் கொட்டை லாரியில் இறங்கி, யாங்கூன் துறைமுகத்தில் கப்பலேறுகிறது. ஒரு பங்கு எல்லைச் சாலை வழியே சீனாவுக்குப் போகிறது. மியான்மரின் விளைச்சல் ஆண்டுக்கு 8,000 முதல் 9,000 டன் அளவில்தான் இருக்கும். இந்தியாவில் விளைவது ஏறத்தாழ 3.5 லட்சம் டன். ஆனாலும் வானிலை தடம் மாறினால் ஒரு மலைப்பயிர் என்ன பாடுபடும் என்பதை மியான்மரைப் போலத் தெளிவாகக் காட்டும் நாடுகள் குறைவு.

கிறித்தவ மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்கோடியிலுள்ள மெர்குயி, தவாய் பகுதிகளில் காப்பியை நட்டனர். அராபிகா மலைகளுக்கு ஏறியது அதற்குப் பிறகு. ஆங்கிலேயரின் கோடைவாசத்தலமாக இருந்த மேமியோதான் இன்றைய பியின் ஊ லுவின். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பழைய பெயரே பழக்கம். அதன் உயரம் சுமார் 1,070 மீட்டர். கர்நாடகத்தின் பாலஹொன்னூர் ஆய்வு நிலையம் உருவாக்கிய எஸ்.795 ரகம் இம்மலைகளிலும் பயிராகிறது. நல்ல விலைக்குரிய காப்பியாக மியான்மர் காப்பி பெயரெடுத்தது 2014க்குப் பிறகுதான். அமெரிக்க உதவியுடன் நடந்த பயிற்சிகளில் சிறு விவசாயிகள் நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறிக்கவும், அதைத் தரையில் கொட்டாமல் வலைப்படுக்கைகளில் பரப்பி உலர்த்தவும் பழகினர். தெற்கு ஷானில் அபினிக்காகக் கசகசா பயிரிட்டுவந்த சில சிற்றூர்களுக்கு ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தின் துணையோடு காப்பி மாற்றுப் பயிரானது.

இந்தப் பயிரின் ஆண்டுக் கணக்கு முழுவதும் மழையையும் வெயிலையும் முறை வைத்துப் போட்ட கணக்கு. டிசம்பர் முதல் மார்ச் வரை அறுவடை. அதே வறண்ட மாதங்களில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் அளவுக்கு மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் செடி முழுதும் வெள்ளையாகப் பூக்கும். ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் தோட்டக்காரர்கள் பூ மழை என்பது இதைத்தான். சில வாரம் கழித்து இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். பூ மழை பொய்த்தால் மொட்டு கருகுகிறது. அரைகுறையாகத் தூறினால் பூ சரியாக விரிவதில்லை. ஜனவரியிலேயே முந்திக்கொண்டு பெய்தால் செடி பல தவணையாகப் பூத்து, ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் காய்ந்த பழமும் சேர்ந்து நிற்கின்றன. ஒரே செடியைப் பல முறை பறிக்க வேண்டியிருப்பதால் கூலி ஏறுகிறது. மியான்மரில் தென்மேற்குப் பருவமழை பிந்தித் தொடங்கி முந்தி விலகும் போக்கு 1970களின் இறுதியிலிருந்தே பதிவாகிவருகிறது.

அடுத்தது வெப்பம். அராபிகாவுக்கு இதமானது ஆண்டுச் சராசரி 18 முதல் 22 பாகை செல்சியஸ். அதற்கு மேல் போனால் பழம் அவசரமாகப் பழுக்கிறது. கொட்டை இறுகுவதில்லை, சுவையும் குறைகிறது. 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பகுதியின் சௌக் நகரில் 48.2 பாகை பதிவானது. அந்நாட்டில் ஏப்ரல் மாதத்துக்கு இதுவே உச்சம். சௌக் காப்பி நிலமன்று. ஆனால் அந்த நடுச் சமவெளிக்கு மேலே எழும் மலை விளிம்புகளில்தான் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 பாகை குறையும். ஆகவே ஒரு பாகை வெப்பம் கூடினால், பழைய குளிர்ச்சியைத் தேடிப் பயிர் ஏறத்தாழ 170 மீட்டர் மேலே போக வேண்டும். மேட்டுநிலத்தின் உச்சியிலேயே ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் எங்கே ஏறுவார்?

மியான்மரில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து உலர்த்தும் களத்தில் இருக்கிறது. யுவாங்கனுக்குப் பெயர் வாங்கித் தந்தது, பழத்தைத் தோலோடு வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தும் முறை. பழத்தைக் கழுவித் தோல் நீக்க நீர் நிறைய வேண்டும். வறண்ட மாதங்களில் அது கிடைக்காத ஊர்களுக்கு இம்முறை வரமாக அமைந்தது. ஆனால் இதற்கு மேகமற்ற வானம் வேண்டும். கொட்டையின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு இறங்குவதற்குள் பருவம் தவறிய மழை ஒன்று நனைத்தாலும் பூஞ்சை பிடிக்கும், உயர்தரச் சரக்கு சாதாரணச் சரக்காகிவிடும். வெப்பத்தைவிட இதுவே சிறு விவசாயியை முதலில் வீழ்த்தும் என்பது என் மதிப்பீடு.

பூச்சியும் நோயும் வேறு. வெயில் படும் தண்டில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் முட்டையிட விரும்புகிறது. காய்த் துளைப்பானும் வெப்பம் கூடக் கூட வேகமாகப் பெருகுகிறது. ஈரமும் இளஞ்சூடும் இலைத்துரு நோய்க்குத் தோது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய அந்த நோய் இருபது ஆண்டுகளுக்குள் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. தமிழ்க் கூலிகளின் வேலை தேயிலைக்கு மாறியது. அன்றைய அழிவுக்குக் காலநிலை மாற்றம் காரணமன்று. மலை முழுதும் ஒரே பயிர், தடுக்க வழியறியாத பூஞ்சை என்பவையே காரணம். ஆனால் ஒரு செடி சாய்ந்தால் அதை நம்பியவர்கள் எவ்வளவு விரைவில் திக்கற்றுப் போவார்கள் என்பதைத் தமிழர்கள் அன்றே கண்டுவிட்டனர்.

நிழல் மரம் இதற்கெல்லாம் முழுத் தீர்வாகாது. ஆயினும் கையில் இருப்பவற்றுள் சிறந்தது அதுதான். யுவாங்கனில் பலா, வாழை, அவகாடோ, மக்கடேமியா மரங்களுக்கு அடியில் காப்பி வளர்வது நல்ல பழக்கம். நிழல் வெப்பத்தைத் தணிக்கிறது, மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, தண்டுத் துளைப்பானையும் ஓரளவு தடுக்கிறது. காப்பி பொய்த்த ஆண்டில் அவகாடோ சோறு போடும். வலைப்படுக்கைக்கு மேல் கூரையும், பூக்கும் பருவத்தில் பாய்ச்சச் சிறு நீர்த்தொட்டியும் இருந்தால் இழப்பைக் குறைக்கலாம். அதற்குப் பணம் வேண்டும், சொல்லித்தர ஆள் வேண்டும். 2021 பிப்ரவரி இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் இரண்டும் அருகிவிட்டன. பயிற்சிகளுக்குப் பணம் தந்த அமெரிக்க உதவி முகமையே 2025 ஜூலையில் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் யாகி சூறாவளியின் எச்சம் தெற்கு ஷானில் வெள்ளத்தைக் கொட்டியபோது, மலைமக்கள் பெரும்பாலும் தங்கள் கையையே நம்பி மீண்டனர்.

பிரேசிலின் வறட்சியால் 2025 பிப்ரவரியில் அராபிகா விலை உலகச் சந்தையில் பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. பழம் கையில் இருந்தவருக்குத்தான் அந்த விலை பயன்பட்டது. பாலஹொன்னூரில் பிறந்த ரகம் எல்லை தாண்டி ஷான் மலையில் வேரூன்றியிருக்கிறது. வெயிலையும் துருவையும் தாங்கும் புதிய ரகங்களும், நிழல் பராமரிப்பில் நம் மலைகள் சேர்த்த அனுபவமும் அங்குள்ள சிறு விவசாயிகளுக்கும் போய்ச் சேர இந்தியக் காப்பி வாரியம் முன்வர வேண்டும்.