மேயரின் ஆணையும் மனித உயிரும்

1968 ஏப்ரல் 4ஆம் நாள் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பின மக்களின் துயரமும் சினமும் பல நகரங்களில் கலவரமாக வெடித்தன. அவ்வேளையில் இரு மேயர்கள் தம் அதிகாரத்தைக் கையாண்ட விதத்தை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

தீ வைப்போரைச் சுட்டுக் கொல்லவும், சூறையாடுவோரைச் சுட்டு முடமாக்கவும் ஆணையிட்டதாகச் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி ஏப்ரல் 15இல் அறிவித்தார்.

தலைநகர் வாஷிங்டனின் மேயர் வால்டர் வாஷிங்டன், அடிமைப்பட்டிருந்தோர் வழிவந்த கறுப்பினத்தவர். 1967இல் குடியரசுத் தலைவர் ஜான்சனால் நியமிக்கப்பெற்றவர். அவரும் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. ஊரடங்கு ஆணை பிறப்பித்தார். மது, துப்பாக்கி விற்பனையைத் தடை செய்தார். 13,000க்கும் மேற்பட்ட படையினர் நகருக்குள் வந்தனர். எனினும், சூறையாடுவோரைச் சுடுமாறு உளவுத்துறைத் தலைவர் எட்கர் ஹூவர் வற்புறுத்தியபோது மறுத்துவிட்டார். எரிந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். போன உயிரை மீட்க இயலாது என்பதே அவர்தம் கருத்து. வீதிகளில் நடந்து சென்று மக்களை அமைதிப்படுத்தினார். அங்கும் உயிர்கள் போயின. ஆயினும் அவர் ஆணையால் துப்பாக்கிகள் கட்டவிழ்க்கப்படவில்லை. 1974இல் மக்களே அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தனர்.

இளைஞர்களே! நாளை உங்களுள் சிலர் ஆணையில் கையொப்பமிடும் இடத்தில் அமர்வீர்கள். அன்று, அவ்வாணை யார் வாசலுக்குச் செல்லும் என்பதை ஒருகணம் எண்ணுங்கள். நாம் கற்கும் கல்வியின் பயன் அதுவே.