புதுவைக் கரையில் சீன மருந்து

மருத்துவத்தின் வரலாற்றை மருத்துவ நூல்களில் தேடுவதே வழக்கம். ஆயினும், நூல்கள் கூறாது விட்ட செய்திகளைச் சில வேளைகளில் சரக்குகளின் பெயர்களே கூறிவிடுகின்றன. புதுச்சேரிப் பெரிய அங்காடியை அடுத்த நாட்டு மருந்துக் கடைகளின் இழுப்பறைகளை நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். சீனக்காரம், இரேவற்சின்னி, பறங்கிப்பட்டை, சித்தரத்தை, அன்னாசிப்பூ ஆகிய ஐந்தும் பெயராலோ பிறப்பாலோ சீனத்தோடு உறவுடையவை. சளிக்குச் சித்தரத்தையும், மந்தத்துக்கு அன்னாசிப்பூவும், வாய்ப்புண்ணுக்குச் சீனக்காரம் எனப்படும் படிகாரம் கரைத்த நீரும் தமிழ் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. வாங்குவோரும் விற்போரும் இவற்றை அயல்நாட்டு மருந்து என எண்ணுவதில்லை.

தமிழர் மருத்துவத்துக்கும் சீன மருத்துவத்துக்கும் இடையே நிலவிய உறவு எத்தகையது? ஆசிரியரிடமிருந்து மாணவர்க்குச் சென்ற கல்வியா? வணிகரிடமிருந்து வைத்தியர்க்கு வந்த சரக்கா? கடலை நோக்கி வாழ்ந்த புதுவை நகரம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும்.

அரிக்கமேடு முதல் சோழர் வரை

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். உரோமானியத் தொடர்பே அதனால் உலகறிந்தது. ஆனால் அம்மேட்டின் மேலடுக்குகளில் சோழர் காசுகளோடு சீனப் பச்சைநிறப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. மேற்குக் கடலோடு உறவு கொண்டிருந்த அத்துறை, இடைக்காலத்தில் கிழக்கோடும் உறவு கொண்டிருந்தது என்பதற்கு அவை சான்று.

அவ்வுறவில் மருந்துச் சரக்குகளும் இடம்பெற்றன. கி.பி. 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசரின் அவைக்குச் சென்றது. அது கொண்டு சென்ற பொருள்களின் பட்டியலில் யானைத் தந்தமும் கண்ணாடிப் பொருள்களும் மட்டுமல்லாமல் கற்பூரம், கோட்டம், பெருங்காயம், வெங்காரம், கிராம்பு ஆகியனவும் காணப்படுகின்றன. அரசியல் தூது என்று ஏட்டில் எழுதப்பட்ட இப்பயணத்தின் ஒரு பகுதி மருந்து வணிகமே எனலாம். இதற்கும் முன்னரே, கி.பி. 659இல் தாங் அரசு வெளியிட்ட மருந்து நூலில் நம் கடுக்காய் இடம்பெற்றுவிட்டது.

கல்வி வழியிலான தொடர்புக்கும் ஒரு முதன்மையான சான்று உண்டு. கி.பி. 671இல் சீனத்தை விட்டுப் புறப்பட்டு, நாளந்தாவில் பயின்று, 695இல் தாயகம் மீண்ட இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, இந்திய மருத்துவம் பற்றித் தம் நூலில் தனியே எழுதியுள்ளார். இந்தியரின் உணவுக் கட்டுப்பாட்டையும் பட்டினி மருத்துவத்தையும் பாராட்டிய அவர், ஊசிக்குத்து, சூடிடுதல், நாடி பார்த்தல் ஆகிய மூன்றிலும் தம் நாட்டை விஞ்சியவர் எவருமில்லை என்று குறித்தார்.

இறுதியாகச் சொல்லப்பட்ட நாடி நோக்கற்பாலது. சரகர், சுசுருதர் ஆகியோரின் பழைய நூல்களில் நாடித் தேர்வு இல்லை. வடமொழி மருத்துவத்தில் அது தெளிவாகத் தோன்றுவது பிற்பட்ட காலத்துச் சாரங்கதர சங்கிதையிலேதான். சித்த வைத்தியர் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மணிக்கட்டில் வைத்து வளி, அழல், ஐயம் ஆகியவற்றை அறிவர். சீன வைத்தியரும் மணிக்கட்டில் மூன்று இடங்களை மூன்று விரலால் தொட்டு உள்ளுறுப்புகளின் நிலையை அறிவர். இக்கலை சீனத்திலிருந்து வந்ததெனச் சிலரும், யூனானி வழி வந்ததெனச் சிலரும், இங்கேயே வளர்ந்ததெனச் சிலரும் கருதுவர். முடிவு எதுவாயினும், ஒப்புமை மேலோட்டமானதன்று.

போகர் மரபு

சீனம் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவர் போகர். அவர் சீனம் சென்று மீண்டார் என்பதும், பழனியில் நவபாடாணத் திருவுருவை அமைத்தார் என்பதும் தமிழர் போற்றும் மரபு. ஆயினும் அவர் பெயரால் இன்று கிடைக்கும் பாடல்களின் நடை பிற்காலத்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே அவற்றைக் கொண்டு பயணத்தின் ஆண்டை வரையறுத்தல் இயலாது. அதே வேளையில் அம்மரபைப் புறந்தள்ளவும் வேண்டியதில்லை. இரசத்தையும் சாதிலிங்கத்தையும் கொண்டு உடலை நிலைநிறுத்த முயன்ற மருத்துவர்கள் இரு நாடுகளிலும் இருந்தனர். சீனத்தைத் தமக்கு உறவான மருத்துவ நாடாகத் தமிழ்ச் சித்தர் மரபு கருதியது என்பதையேனும் போகர் கதை உறுதிப்படுத்துகிறது.

பறங்கியர் கொணர்ந்த சீனக் கிழங்கு

மரபை விட்டுச் சான்றுக்கு வந்தால், முதலில் நிற்பது பறங்கிப்பட்டை. பட்டை எனப் பெயர் பெற்றிருப்பினும் இது சீனத்தில் விளையும் ஒரு கொடியின் கிழங்கே. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துகீசியர் வருகையை ஒட்டி இந்நாட்டில் மேகநோய் பரவியது. கொணர்ந்தவர் பெயரால் அது பறங்கிப்புண் எனப்பட்டது. சீனத்திலோ அது காண்டன் துறைமுக வழியே பரவியதால் காண்டன் புண் எனப்பட்டது. அதற்குச் சீனர் கையாண்ட கிழங்கு வகையை, 1596இல் அச்சேறிய தம் பெருநூலில் லீ ஷிசென் விளக்கியுள்ளார்.

அச்சரக்கு 1535 அளவில் கோவாவை எட்டியதாக அங்கு வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில் எழுதினார். வட இந்தியர் அதனைச் சோப்சீனி என்று பிறந்த நாட்டின் பெயரால் அழைத்தனர். தமிழரோ சுமந்து வந்தவரின் பெயரால் பறங்கிப்பட்டை என்றனர். நோயும் மருந்தும் ஒரே பெயரைப் பெற்றன. சீனத்தின் பெயர் மறைந்தது. இன்றும் தோல் நோய்களுக்குச் சித்த வைத்தியர் வழங்கும் பறங்கிப்பட்டைச் சூரணம் இவ்வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. அயல்நாட்டுச் சரக்கொன்றைத் தம் குணபாட முறைப்படி ஆராய்ந்து, சுத்தி செய்து, அனுபானம் வகுத்துத் தமதாக்கிக்கொண்ட தமிழ் மருத்துவரின் துணிவு இங்கு எண்ணத்தக்கது.

பிரெஞ்சியர் காலம்

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுவையில் பிரெஞ்சு நிலையத்தை நிறுவினார். 1698இல் ஆம்பித்ரித் என்னும் பிரெஞ்சுக் கப்பல் சீனத்தின் காண்டனுக்குச் சென்றது. அதன்பின் புதுவையும் காண்டனும் பிரெஞ்சியரின் கீழைக்கடல் வணிகத்தில் இணைந்தன. அக்காலத்துச் சேசு சபைத் துறவிகள் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்கள் 1702 முதல் பல தொகுதிகளாக அச்சிடப்பட்டன. புதுவையைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மிஷன் துறவியரின் மடல்களும், பீக்கிங் துறவியரின் மடல்களும் அத்தொகுதிகளில் அருகருகே இடம்பெற்றன. சீனரின் சின்செங் வேரைப் பற்றி 1711இல் ஜார்த்து அடிகளார் எழுதிய மடலும், பெரியம்மையைத் தடுக்கச் சீனர் கையாண்ட முறையைப் பற்றி 1726இல் தாந்திரகோல் அடிகளார் எழுதிய மடலும் அவற்றுள் புகழ்பெற்றவை.

1823இல் புதுவையில் மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. பிரெஞ்சு முறை மருத்துவம் அரசின் மருத்துவமாயிற்று. நாட்டு வைத்தியம் வீதியிலும் வீட்டிலும் நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுவை, காரைக்கால் மக்கள் பலர் அரசுப் பணிக்கும் வணிகத்துக்குமாகச் சைகோன் சென்றனர். அங்கே சீன மருத்துவத்துக்கு வடக்கு மருந்து என்றும், உள்நாட்டு மூலிகைக்குத் தெற்கு மருந்து என்றும் பெயர். மண்ணுக்கு உரியதையும் வந்ததையும் வேறுபடுத்தி, இரண்டையும் கையாளும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. தமிழகத்திலோ வந்தது தன் பெயரையும் இழந்து மண்ணோடு கலந்தது.

பின்னர்ச் சிங்கப்பூரிலிருந்து வேறொரு வகைச் சரக்கு வந்தது. இரங்கூனில் கடை நடத்திய சீன மருந்து வணிகர் ஒருவரின் புதல்வர்கள் பரப்பிய புலித் தைலமும், 1928 முதல் விற்பனையான கோடாலித் தைலமும் அயலகம் சென்று மீண்டோரின் பெட்டிகளில் தமிழ் ஊர்களுக்கு வந்தன. தலைவலிக்கும் நீர்க்கோவைக்கும் தாய்மார் முதலில் தேடும் மருந்துகளாக அவை ஆயின.

பிலியோசாவின் பணி

இவ்வுறவை அறிவுத்துறையில் ஆராய்ந்தோருள் ழான் பிலியோசா (1906–1982) குறிப்பிடத்தக்கவர். கண் மருத்துவராகத் தொழில் செய்த அவர், வடமொழியும் தமிழும் கற்று, 1955இல் தொடங்கப்பட்ட புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். நடு ஆசியாவில், இன்றைய சீன எல்லைக்குள் உள்ள கூச்சா என்னும் இடத்தில் கிடைத்த மருத்துவ ஏட்டுத் துண்டுகளை 1948இல் அவர் பதிப்பித்தார். அவற்றுள் யோகசதகம் என்னும் இந்திய மருத்துவ நூல் வடமொழியிலும் கூச்சா மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. அந்நூலின் முழுப் பதிப்பு 1979இல் புதுவையிலிருந்தே வெளிவந்தது. பாலைவனத்தில் புதைந்த இந்திய மருத்துவம், கடற்கரை நகரில் மீண்டும் அச்சேறியது.

இதனால் ஒரு வேறுபாடு புலனாகிறது. இங்கிருந்து மருத்துவம் சீனம் நோக்கி நூலாகவும் சென்றது. அங்கிருந்து மருத்துவம் இங்கு வந்ததோ பெரும்பாலும் சரக்காகவே. ஆகவேதான் சீனரின் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐவகைக் கோட்பாடு நம் ஐம்பூதக் கொள்கையில் கலக்கவில்லை. சூடு, குளிர்ச்சி எனப் பிரித்து உணவை அளந்துண்ணும் பழக்கம் மட்டும் இரு நாட்டு அடுக்களைகளிலும் ஒத்திருக்கிறது.

பெயரும் பொறுப்பும்

சரக்கு வந்து அதன் கல்வி வாராமற்போனால் விளையும் இடரும் உண்டு. இரேவற்சின்னி என்பது சீனத்து மலமிளக்கிக் கிழங்கு. இரேவற்சின்னிப்பால் என்பதோ முற்றிலும் வேறான மரத்தின் மஞ்சட்பிசின், கடும்பேதி தரவல்லது. பெயரொப்புமையை நம்பி ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தல் தீங்காகும். 1990களின் தொடக்கத்தில் பெல்சிய நாட்டில் உடல் மெலிய உண்ட சீன மூலிகைகளுள் ஒன்றுக்கு மாறாக வேறொரு நச்சு மூலிகை கலந்ததால், நூற்றுக்கு மேற்பட்ட பெண்டிர் சிறுநீரகம் பழுதுற்றனர். அந்நச்சு மூலிகை நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தது. மறுபுறம், சீனத்துப் பழைய மருந்தேட்டின் குறிப்பொன்றைப் பின்பற்றி மலேரியா மருந்து கண்ட தூ யூயூ 2015இல் நோபெல் பரிசு பெற்றார். பழமையை நம்பியதோடு நில்லாமல், அதைச் சோதித்தமையே அவர் வெற்றிக்குக் காரணம்.

ஆகவே, நம் மருத்துவத்தில் அயலது எதுவுமில்லை என்று பெருமை பேசுவதும், எல்லாம் அயலிலிருந்து வந்ததென இகழ்வதும் வரலாற்றுக்கு ஒவ்வாதவை. புதுவையில் ஓலைச்சுவடித் தொகுப்பும் தாவர மாதிரித் தொகுப்பும் ஒரே ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. மருந்துக் கடை முதியோரின் நினைவிலுள்ள சரக்குப் பெயர்களைத் தொகுத்து, சுவடியோடும் மாதிரியோடும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எம்மண்ணிற் பிறந்தது, எக்கப்பலில் வந்தது, எந்நோய்க்கு எவ்வளவு தகும் என்று எழுதி வைத்தல் இந்நகரின் தமிழறிஞர்க்கும் மருத்துவர்க்கும் உரிய பணியாகும். அம்முதியோர் உள்ளபோதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.