சைக்காலஜி பட்டம் முடித்தவருக்கு வேலை எங்கே?

"மகள் பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்துவிட்டாள் ஹஜ்ரத். இனி வீட்டு முன்னறையிலேயே ஒரு கிளினிக் வைத்து உட்காரலாம்தானே?" என்று ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்டார்.

உட்கார முடியாது. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறைகூட உண்டு. சட்டத்தை விடுங்கள். தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் எதிரே வந்து அமர்ந்தால் என்ன செய்வது என்பதை மூன்றாண்டுப் பாடநூல் மட்டும் கற்றுத் தந்துவிடாது. அதற்கு, அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் நோயாளிகளோடு பழகிய பயிற்சி வேண்டும்.

அப்படியானால் பட்டம் வீணா? இல்லை. பலர் கவனிக்காத ஓர் இடத்தை முதலில் சொல்கிறோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் 'ஆற்றுப்படுத்துநர்' என்றொரு பணி உண்டு. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் வரும் இப்பணிக்கு உளவியல் இளங்கலையே போதும். ஆனால் ஓராண்டு பணி அனுபவமும் கேட்கப்படுகிறது. தமிழகத்தில் இதற்கான தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய் என அறிவிப்புகள் வந்துள்ளன. ஒப்பந்தப் பணிதான், நிரந்தரமல்ல. ஆனாலும் தொடக்க நிலையில் இதைவிட நல்ல இடம் அரிது. அறிவிப்பு பெரிய நாளிதழ் விளம்பரமாக வரும் என்று காத்திருக்காமல் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தை அவ்வப்போது பாருங்கள்.

மாற்றுத்திறன் குழந்தைகளோடு பழகும் பொறுமை உள்ளவர்கள் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம். அதுவும் மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றுத் தரும் படிப்பே. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, போதை மீட்பு மையங்கள் ஆகியவையும் உண்டு. 'ஏதேனும் ஒரு பட்டம்' கேட்கும் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகளும் இருக்கவே இருக்கின்றன. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் உளவியல் ஒரு விருப்பப் பாடம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

மேற்படிப்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். எம்.பில். பட்டத்தை நிறுத்துவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்ததிலிருந்து மருத்துவ உளவியலின் படிப்புப் பாதையே மாறி வருகிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்றும் அக்குழு சொல்லிவிட்டது. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கி அஞ்சல் வழியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கட்டணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.